ஐந்து நாள் மிச்சம்

வுப்பர்டால், ஜேர்மனி
ஒக்டோபர் 6, ஞாயிறு

தம்பி ரகுநாதனுக்கு அக்கா சிவகௌரி எழுதிக்கொள்வது.

நீ சுகமாக இருக்கிறாய் என்பதைச் சூரிச் கல்யாண வீடியோவிலும் பாரிஸ் தேர்ப் படங்களிலும் பார்த்துவிட்டேன். அதனால் சுகம் விசாரிக்கவில்லை. தொலைபேசியில் சொன்னால் குறுக்கே பேசுவாய். குரல் செய்தி அனுப்பினால் பாதியில் நிறுத்துவாய். அதனால்தான் கடிதம். முழுக்க வாசி.

என் சத்திரசிகிச்சை முடிந்து தேறும் வரை, பக்கவாதத்தில் கிடக்கிற அண்ணையைப் பார்த்துக்கொள்ள வா என்றதற்குப் போன செவ்வாய்க்கிழமை என்ன சொன்னாய்? மூன்று மாதம் முடிஞ்சுது அக்கா, இனி ஆறு மாதத்துக்கு ஐரோப்பாவிலை கால் வைக்க ஏலாது, சட்டம் விடாது என்றாய். சாட்சிக்கு உன் கனடியப் பாஸ்போட்டில் குத்திய முத்திரைகளையும் படம் பிடித்து அனுப்பினாய். நான் நம்பினேன். அடுத்த நாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்து, என் இடுப்பு மூட்டுச் சத்திரசிகிச்சைக்கு நவம்பர் 18ஆம் திகதி என்று குறித்துத் தந்த டெர்மினை விடப்போகிறேன் என்றேன். அடுத்தது ஏப்ரலில்தான் என்றார்கள். இந்த மாதம் 18 வரை யோசித்துச் சொல்லும்படி ஆஸ்பத்திரிப் பெண் இரக்கப்பட்டு அந்த நாளை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறாள். இந்த இடுப்போடு ஏப்ரல் வரை அண்ணையைக் கட்டிலில் இருந்து கதிரைக்குத் தூக்கி இருத்துவேன் என்றா நினைத்தாய்? போன கிழமை இரண்டு பேரும் சேர்ந்து விழப் பார்த்தோம்.

பராமரிப்பு இல்லத்தில் விடலாமே என்று மட்டும் மறுபடி சொல்லாதே. பெப்ரவரியில் எனக்கு நிமோனியா வந்தபோது மூன்று கிழமை விட்டேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அண்ணை வாயைத் திறக்கவில்லை. ஆறு கிலோ குறைந்து வந்தார். வீட்டுக்கு வந்து நான் குழைத்துக் கொடுத்த சோற்றைத்தான் விழுங்கினார். அதை மீட்க எனக்குக் கோடை முழுதும் போனது. நீ அப்போது தேர் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நீ மாட்டேன் என்றது தெரிந்து துஷானி, இந்த செமஸ்டரை விடுறன் அம்மா, நான் வந்து மாமாவைப் பாக்கிறன் என்கிறாள். ஆஹென் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படிக்கிற பிள்ளை. அவளுக்கு நான் ஓம் என்று சொல்லவில்லை. சொல்ல மாட்டேன். அவள்தான் உன் முத்திரைப் படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, ரகு மாமா சொல்லுறது பிழை அம்மா என்றாள். தொண்ணூறு நாள் முடிந்தால் ஆறு மாதம் கதவு பூட்டு என்று சட்டத்தில் இல்லையாம். நீ இங்கே நிற்கிற ஒவ்வொரு நாளும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி நூற்றெண்பது நாள் எண்ண வேண்டுமாம். அதற்குள் தொண்ணூறைத் தாண்டக்கூடாது. நாள் நகர நகர, பழைய நாட்கள் பின்னால் கழன்று போய்விடும்.

நான் பிள்ளையையும் உடனே நம்பவில்லை. தமிழ்க் கடையில் தந்த கலண்டரைக் குசினி மேசையில் விரித்து, சிவப்புப் பேனையால் நானே எண்ணினேன். முதலில் சுவிஸ் வேறு நாடுதானே என்று சூரிச்சை விட்டுவிட்டேன். இல்லை, எல்லாம் ஒரே கணக்கு என்றாள். வந்து இறங்கிய நாளையும் விட்டுவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது. அப்பாவின் அந்தியேட்டிக்கு நாள் பார்த்தபோது, செத்த நாளையும் சேர்த்துத்தான் முப்பத்தொன்று என்று என்னோடு சண்டை பிடித்தவன் நீ. இவர்களும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். வந்த நாளும் கணக்கு, போன நாளும் கணக்கு.

ஏப்ரல் 20 முதல் மே 28 வரை சூரிச், முப்பத்தொன்பது நாள். ஜூலை 17 முதல் செப்டம்பர் 3 வரை பாரிஸ், நாற்பத்தொன்பது. மொத்தம் எண்பத்தெட்டு. அதுவரை நீ சொன்னது சரி. ஆனால் நவம்பர் 16 அன்று வந்து இறங்கினால், சூரிச் நாட்களில் மே மாதத்துக் கடைசி எட்டுத்தான் கணக்கில் நிற்கிறது. எட்டு நாள் போனால் அந்த எட்டும் இல்லை. நீ டிசம்பர் 21 வரை, நான் ஊன்றுகோலோடு நடந்து வீட்டுக்கு வந்து அண்ணையைப் பொறுப்பெடுக்கும் வரை நின்றாலும், மொத்தம் எண்பத்தைந்துதான். கலண்டர் தாள்களைப் பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். சரி பார்.

எண்ணி முடித்ததும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம்தான். சட்டம் விடவில்லை என்றால் யாரோடும் கோபிக்க ஏலாது. சட்டம் விடுகிறது, நீதான் விடவில்லை. கணக்கு உனக்குத் தெரியாமல் போயிருக்கலாம். ஆனால் தெரிந்துகொள்ள நீ பாடுபடவும் இல்லை. வர முடியாது என்று யாரோ ஒருவர் சொன்னது உனக்கு வசதியாக இருந்தது, பிடித்துக்கொண்டாய்.

ஓகஸ்டில் பாரிசிலிருந்து ஒரு பின்னேரம் வந்தாயே, நான் கவனிக்கவில்லை என்றா நினைத்தாய்? அண்ணை நித்திரையாக இருந்தார். நீ அறை வாசலில் நின்று பார்த்தாய். உள்ளே வரவில்லை. கோப்பியைக் குடித்துவிட்டு அவர் எழும்ப முதல் ரயிலுக்குப் போய்விட்டாய். வீடியோவில் காட்டட்டா என்றால், அண்ணையை அப்பிடிப் பாக்க ஏலாதக்கா என்பாய். எனக்கு மட்டும் ஏலுமா?

அண்ணை அந்த நாளில் கிழக்கு பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது உன்னுடையது மாதிரிப் பாஸ்போட் அவரிடம் இருக்கவில்லை. மூன்று மூன்று மாதமாக நீட்டித் தந்த ஓர் அகதிக் கடதாசியோடு வருடக்கணக்காக இருந்தார். பக்கத்து நகரத்துக்குப் போகவும் அனுமதி கேட்டார். அப்படி இருந்துகொண்டுதான் உன்னைக் கனடாவுக்கு அனுப்பினார். விசா கேட்காமல் உன்னை உள்ளே விடுகிற அந்தப் பாஸ்போட் அவரால் வந்தது. சொல்லிக் காட்டுகிறேன் என்று நினைப்பாய். ஓம், சொல்லித்தான் காட்டுகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை உனக்குச் சொல்லக்கூடாது என்றுதான் ஒரு வருடமாக இருந்தேன். பக்கவாதம் வந்த பிறகு அண்ணைக்குப் பேச்சில்லை என்று சொல்லியிருந்தேன். அது முழு உண்மை இல்லை. ஒரு சொல் இருக்கிறது. பசித்தாலும் ரகு, நொந்தாலும் ரகு. நான் வாயைத் துடைத்து உடுப்பு மாற்றி நிமிர்ந்தால், என் முகத்தைப் பார்த்து ரகு என்கிறார். காலையில் வருகிற ஜேர்மன் தாதி, தமிழில் நன்றிக்கு அதுதான் சொல் என்று நினைத்திருக்கிறாள். நான் திருத்தவில்லை. எனக்குப் பொறாமை, ரகு. இவ்வளவும் செய்கிற என் பெயர் அவருக்கு வரவில்லையே என்று பொறாமை. அதுதான் மறைத்தேன். நானும் நல்லவள் இல்லை.

அவர் உன்னை அடையாளம் காணமாட்டார் என்று பயந்துதானே வராமல் இருக்கிறாய்? வேறு பயம் என்றால் அதைச் சொல். கணக்கைச் சொல்லாதே.

தாதி காலையில் வருவாள், கழுவுவது அவள் வேலை. நீ தூக்கி இருத்த வேண்டும், சோற்றைக் குழைத்துக் கொடுக்க வேண்டும், பக்கத்தில் இருக்க வேண்டும். நவம்பர் 16 சனிக்கிழமை டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் துஷானி நிற்பாள். டிசம்பர் 21இல் நீ திரும்பிப் போகலாம். அப்போதும் உனக்கு ஐந்து நாள் மிச்சம் இருக்கும். அதை யாருடைய கல்யாணத்துக்காவது வைத்துக்கொள்.

அம்மாளாச்சி உன்னையும் உன் பிள்ளைகளையும் காப்பாற்றட்டும். கோபத்திலும் அதை மறக்காமல்தான் தினமும் விளக்கு வைக்கிறேன். வந்தால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே அறைக்குள் போ. வாசலில் நிற்காதே.

இன்னும் கோபம் ஆறாத உன் அக்கா,
சிவகௌரி