குளியலறையில் ஒரு மரக்கரண்டி

ஜூன் 3

கடைக்குப் புதுப் பாத்திரங்கள் வந்து இறங்கின. அடைக்கும் நேரத்தில் மனைவி போனில் மரக்கரண்டி கேட்டாள். போன மாதம்தானே ஒன்று கொடுத்தேன்? கரண்டி என்ன, சோப்பா கரைந்து போக?

சாப்பிடும்போது பழைய பல்லவி. "ஷவர் சுவிட்சு சுடுதுங்க. ஆள் வச்சுப் பாருங்க." சுவிட்சு ஒரு சாக்கு என்று எனக்குத் தெரியாதா? சுடுதண்ணீர் ஷவர் வைத்த நாளிலிருந்து குளியலறைக்குப் புது டைல்ஸும் கேட்கிறாள். சரக்கைக் குறை சொல்கிறவன்தான் வாங்கப் போகிறவன். அவன் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. தலைச்சுமையாகப் பாத்திரம் விற்ற காலத்தில் கற்ற பாடம். திறக்கவில்லை.

ஜூன் 7

குளியலறையில் மீன் நாற்றம். வீட்டில் மீன் வாங்கவில்லை. சாக்கடைதான். ஃபினாயில் ஊற்றினேன்.

ஜூன் 8

 

காலையில் குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. கடைக்குட்டி, இரண்டாம் வகுப்புப் படிக்கிற என் மகள், ஈரக் காலோடு முக்காலி மேல் நிற்கிறாள். கையில் மரக்கரண்டி. அதன் காம்பால் ஷவர் சுவிட்சைத் தட்டப் போகிறாள்.

"என்னடி பண்றே?"

"கையால தொட்டா சுடும்ப்பா. அம்மா இப்படித்தான் போடுவாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு எப்படித் தெரியும்? கடை திறக்கும் அவசரத்தில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு ஓடுகிறவன்.

அவளை வாரித் தூக்கி வெளியே விட்டேன். சுவிட்சின் ஓரம் பழுப்பேறி உருகியிருந்தது. மீன் நாற்றம் அங்கிருந்துதான், சூட்டில் கருகும் பிளாஸ்டிக். அதைத் தொடாமல் போய் மெயின் போர்டில் பிரேக்கரை இறக்கினேன்.

பிறகு மனைவியிடம் கத்தினேன். "குழந்தை இருக்கிற வீட்ல கரண்டியால சுவிட்சு போடுவியா?"

அவள் கத்தவில்லை. "எத்தனை வாட்டி சொன்னேன்? நீங்க காது கொடுக்கல. அதான் கரண்டி."

ஊர்ல வர்றவன் போறவன் மனசையெல்லாம் படிக்கிறேன்னு மார் தட்டுறேன் — வீட்ல ஒருத்தி சுடுதுன்னு சொன்னா சுடுதுன்னுதான் அர்த்தம், அது புரியலையே எனக்கு!

ஜூன் 9

எலக்ட்ரீஷியன் வந்தார். வாய் நீளம். ஆனால் மின்சாரம் நின்றுவிட்டதா என்று டெஸ்டரால் பார்த்த பிறகுதான் மூடியைக் கழற்றினார். உள்ளே கரிக்கட்டை.

"அண்ணே, இந்த ஷவர் இழுக்கிற கரண்டுக்கு இந்த வயர் பத்தாது. சணல் கயித்துல யானையைக் கட்டியிருக்கீங்க. ஸ்க்ரூவும் லூசு."

"சுவிட்ச மட்டும் மாத்துங்களேன்." புத்தி போகுமா?

"மாத்தலாம். அதுவும் கரியும்."

"பெரிய பிரேக்கரா போட்டா?"

"சுவத்துக்குள்ள வயர் எரியும். பிரேக்கர் வேடிக்கை பார்க்கும்."

மனைவி கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்தாள். "என்ன செய்யணுமோ முழுசா செய்ங்க" என்றேன். பேரம் பேசாமல் நான் வாங்கிய முதல் சரக்கு.

ஜூன் 11

போர்டிலிருந்து ஷவருக்கென்று தனியாகத் தடித்த வயர். அதற்கேற்ற பிரேக்கர். கரண்ட் கசிந்தால் அந்தக் கணமே நிறுத்துகிற கருவி. சுவிட்சு குளியலறைக்கு வெளியே. எர்த்தையும் சோதித்தார். ஷவரை வெகு நேரம் ஓடவிட்டு, சுவிட்சில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சூடே இல்லை.

மரக்கரண்டியைக் கழுவி அடுப்படியில் வைத்தேன். "அதுல நான் சமைக்க மாட்டேன்" என்றாள் மனைவி. சிரிக்காமல்தான் சொன்னாள்.

டைல்ஸ் பற்றி அவளிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை.

ஜூன் 19

வாடிக்கைக்கார அம்மா ஒருவர் வாணலியைத் திருப்பிக் கொண்டுவந்தார். "பிடி சுடுதுப்பா." விலையைக் குறைக்கச் சொல்வார் என்று வழக்கம்போல் வாயை இறுக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம்தான். எழுந்து போய், கடைக்குப் பின்னால் டீ போடும் அடுப்பில் வாணலியை வைத்துக் காய விட்டு, பிடியைப் பிடித்தேன்.

புது வாணலிகள் அத்தனையையும் விற்பனைத் தட்டிலிருந்து இறக்கிவிட்டேன். கட்டைவிரலில் கொப்புளம், எழுத்து கோணுகிறது.

மருந்து போட்டுவிட்ட மனைவி கேட்டாள்: "என்கிட்ட சொல்லியிருந்தா, கரண்டியைக் கொடுத்து அனுப்பியிருப்பேனே?"