ஜன்னலில் கட்டிய சிவப்புத் துண்டு

என் மாப்ளே செங்கோடா,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று சிரிக்காதே. முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கைக்குப் பென்சில் அடங்க மாட்டேன் என்கிறது. ஒரு வரி முடிவதற்குள் விரல் மரத்துப் போகிறது. நேற்றுக் காலையில் ஆரம்பித்தேன், இன்னும் இந்தப் பக்கமே நிறையவில்லை.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் முதியோர் வகுப்பு நடக்கிறது. ஆடு மேய்க்கிற பழனியம்மாள், நான், இன்னும் ஏழெட்டுக் கிழடுகள். போன வாரம் டீச்சரம்மா, ஆளுக்கொரு கடிதம் எழுதி வரச் சொன்னார். “இவுருக்கு ஆருங்க இருக்கறாங்க? லாரிக்குத்தான் கடுதாசி போடோணும்” என்றாள் பழனியம்மாள். நானும் சிரித்தேன். எனக்கு எழுத ஆள் இருந்தது. போன தையோடு நீ போய்விட்டதால் விலாசம்தான் இல்லை.

இப்போது நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரு போர்டு விடாமல் படிக்கிறேன். ஊர்ப் பெயர், சோப்பு விளம்பரம், காறித் துப்பாதே என்பது வரை. சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டுப் படிக்கிறேன், பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். சந்தோஷம்தான் மாப்ளே. ஆனால் நாலு போர்டு படிப்பதற்குள் அசந்துபோய் உட்கார்ந்துவிடுகிறேன். கண் வலி மட்டும் காரணமில்லை. எந்தப் போர்டைப் பார்த்தாலும் நேபாளத்தில் அலைந்த அந்த இரண்டு நாள் வந்து நிற்கிறது.

உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு காட்மாண்டுக்குப் போன நடை. ஹிந்தி பேசுவதும் போர்டு படிப்பதும் உன் வேலை. ஓட்டுவது என் வேலை. எல்லையைத் தாண்டிய முதல் ஊரிலேயே உனக்குக் காய்ச்சல் கண்டு, நிற்க முடியாமல் விழுந்தாய். ஒரு சந்துக்குள் வீட்டையே ஆஸ்பத்திரியாக்கி வைத்திருந்தார்கள். அங்கே உன்னைப் படுக்க வைத்தேன். மழை வந்தால் சரக்கு கெட்டுவிடும், நீ போய் இறக்கிவிட்டு வா என்று நீதான் விரட்டினாய்.

“மச்சா, இந்த ஆஸ்பத்திரி பேரை ஒரு சீட்டுல எழுதி வாங்கிக்க” என்றாய்.

“எனக்கெதுக்குடா சீட்டு? எதுத்தாப்புல மாலை கட்டின விசேச ஊடு இருக்குது. அது போதும். இருவது வருசமா அடையாளம் வெச்சுத்தான ஓட்டறேன்? ஒரு எடம் தப்பியிருக்கறனா?”

“இது நம்மூரு இல்லீடா.”

“நீ கஞ்சியக் குடிச்சுட்டுப் படு. நாலு நாள்ல வந்தர்றேன்.”

நம் பக்கத்தில் வாசலில் மாலை கட்டினால் அது விசேஷ வீடு. ஒரு தெருவுக்கு ஒன்று இருந்தாலே அதிகம். அந்தத் தெருவிலும் அன்று ஒன்றுதான் இருந்தது. செண்டுமல்லி மாலை, நல்ல மஞ்சள்.

நாலு நாளில் திரும்பி வந்தேன். ஊருக்கு வெளியே லாரியை நிறுத்திவிட்டு நடந்து உள்ளே வந்தால், எல்லா வீட்டு வாசலிலும் அதே செண்டுமல்லி மாலை. அவர்களுக்கு ஏதோ பெரிய பண்டிகை. கடைக்கு மாலை, மாட்டுக்கு மாலை. தெருநாய்கூட நெற்றியில் பொட்டும் கழுத்தில் மாலையுமாக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. எந்தச் சந்தைப் பார்த்தாலும் உன் சந்து மாதிரியே இருந்தது.

யாரிடம் என்ன கேட்பது? ஆஸ்பத்திரி என்றேன், டாக்டர் என்றேன். ஒருவர் மருந்துக் கடையைக் காட்டினார், இன்னொருவர் பெரிய ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போய் விட்டார். அங்கே நீ இல்லை. கடைசியில் தெருவில் படுத்துக் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கிக் காட்டினேன். கூட்டம் சிரித்தது. ஒரு கிழவி எனக்குத்தான் பசி மயக்கம் என்று நினைத்து, வளையம் போலச் சுட்ட பலகாரம் இரண்டைக் கையில் வைத்தாள். அதைத் தின்றுகொண்டே அழுதேன். நல்ல மனிதர்கள்தான் மாப்ளே. ஆனால் நான் தேடுவது உன்னை என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

முதல் நாள் முழுக்க நடந்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். அப்போதுதான் அத்தனை மஞ்சளுக்கு நடுவில் ஒரு சிவப்பு தெரிந்தது. ஒரு ஜன்னல் கம்பியில் துண்டு கட்டியிருந்தது. உன் வீட்டுக்காரி பாப்பாயி எடப்பாடியில் உனக்கு வாங்கிக் கொடுத்த துண்டு. காயப்போட்டது இல்லை. கம்பி லோடு லாரிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் சிவப்புத் துணி கட்டுவோமே, அதே மாதிரி இரண்டு முடிச்சுப் போட்டு வெளியே தொங்கவிட்டிருந்தாய்.

எதிர் வரிசை முழுக்க மாலை ஏறியதை நீ படுத்தபடியே பார்த்திருக்கிறாய். இவன் அடையாளம் தப்பி அலைவான் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. எழுந்து நிற்கத் தெம்பில்லாத ஆள், எத்தனை நேரம் பிடித்து அந்த முடிச்சைப் போட்டாயோ?

நான் உள்ளே வந்தேன். “ஏன்டா இத்தன நேரம்?” என்று கேட்டாய். சிரித்துக்கொண்டேதான் கேட்டாய்.

“ஆக்சில் கட்டாயிருச்சு. மலையில லாரி ரெண்டு நாள் நின்னு போச்சு.”

சீட்டு வேண்டாம் என்று வீம்பு பேசிய வாய்க்கு, தோற்றுவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. நீ என் வெறுங்காலைப் பார்த்தாய். வீக்கத்தைப் பார்த்தாய். அப்புறம் ஜன்னலைப் பார்த்தாய். “ஓ, ஆக்சிலா” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். நான் அந்தத் துண்டை அவிழ்த்து மடித்து உன் தலைமாட்டில் வைத்தேன்.

ஊர் வந்ததும் நீ வேறு லாரிக்குப் போய்விட்டாய். அப்புறம் கல்யாணத்தில் பார்த்தாலும் சந்தையில் பார்த்தாலும் “நல்லா இருக்கறீங்களா?” என்பாய். வாடா போடா என்று பேசிய வாயால் நீ கொடுத்த அந்த மரியாதை, அத்தனை வருஷமும் முதுகில் மூட்டை மாதிரி கனத்தது. ஒருநாள் உன் வீட்டு வாசலில் வந்து நின்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

உன் காரியத்தன்று பாப்பாயி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். “அண்ணா, உங்க ரெண்டு பேத்துக்குள்ள அப்படி என்னதானுங்க ஆச்சு? சாகற வரைக்கும் அவுரு வாயே தொறக்கலீங்க.”

“ஒண்ணுமில்ல சாமி” என்று அவளிடமும் பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

நான் அசந்துவிட்டேன் மாப்ளே. கையும் அசந்துவிட்டது, இந்தப் பொய்யைச் சுமந்து மனசும் அசந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பரமத்தி வேலூர் பஸ்ஸை நானே போர்டு படித்து ஏறப்போகிறேன். இந்தக் கடிதத்தை உன் வீட்டில் உட்கார்ந்து பாப்பாயிக்குப் படித்துக் காட்டுவேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், பொழுது சாயும் வரை ஆகலாம். அவள் திட்டினாலும் சரி, பேசாமல் எழுந்து உள்ளே போனாலும் சரி, அடுத்த வாரம் அதை ஒளிக்காமல் உனக்கு எழுதுகிறேன். சத்தியம்.

எழுதி எழுதி அழித்த வரி இன்னும் ஒன்றுதான் பாக்கி. ஆக்சில் கட்டாகவில்லை. வழி தெரியாமல் அலைந்தேன்.

உன் துண்டைப் பார்த்து வந்து சேர்ந்த மச்சான்,
கருப்பண்ணன்