பச்சைக் காரைத் திருத்தியவள்

இன்று காலை என் தையல் கடையைத் திறந்தபோது தெருவெல்லாம் ரெசின் பசை நெடி. மேல்மாடி வீட்டில் வெடித்த குளியல் தொட்டியை யாரோ ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பாரிசில் எங்கள் சனத்தின் கடைகள் நிறைந்த இந்த லா ஷப்பலில் இந்த நேரத்துக்குச் சாம்பிராணியும் பொரிக்கிற ரோல்ஸும்தான் மணக்கும். அதையெல்லாம் அமுக்கிக்கொண்டு அந்தக் காரமான நெடி கடைக்குள் வந்தது. சட்டைக்கு அளவு கொடுக்க வந்த பெண் மூக்கைப் பொத்தினாள். நான் பொத்தவில்லை. அளவு நாடாவைக் கையில் பிடித்தபடி உன்னை நினைத்தேன். உடனே கோபம் வந்தது. உன்னில் இல்லையடி. உனக்கு அநியாயம் செய்தவர்களில்.

காலம் போனால் ஆறும் என்றார்கள். எனக்கு ஆறவில்லை.

போர் முடிந்து அடுத்த வருடம் நீ பாரிசுக்கு வெளியே, ஸ்தேனில் எங்கள் வீட்டின் சின்ன அறைக்கு வந்தாய். முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக்கிற ஃபைபர் வள்ளம் செய்கிற பட்டறையில் வேலை செய்தவள் என்று சொன்னாய். மேற்கொண்டு கேட்டால், "வள்ளமெல்லாம் எரிஞ்சு போச்சக்கா" என்பாய். நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்த ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிற வேலை உனக்குக் கிடைத்தது. மதாம் என்றுதான் நாங்கள் இருவரும் கூப்பிட்டோம். அவவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. ஒருநாள் அதற்குள் விறகெடுக்கப் போனவள், வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே லா ஷப்பலுக்கு, என் கடைக்கு ஓடி வந்தாய்.

"அக்கா, அங்கை ஒரு கார் நிக்குது. கார் இல்லை, வள்ளம்!"

"என்னடி விசர்க்கதை கதைக்கிறாய்?"

"ஓமக்கா. தட்டிப் பாத்தனான். தகடில்லை, ஃபைபர். உடைஞ்ச இடத்திலை நார் நாராய்த் தெரியுது."

அந்தக் காரின் கதையைப் பிறகு மதாமே சொன்னா. ஐம்பதுகளில் கலிபோர்னியாவில் படகு செய்கிற ஒரு சின்னப் பட்டறைக்காரர் செய்த கார் அது. தகட்டை அழுத்தி வளைக்கிற பெரிய இயந்திரம் வாங்க அவர்களுக்கு வசதியில்லை. படகுக்கு வார்க்கிற மாதிரியே காருக்கும் அச்சு செய்து, கண்ணாடி நாரை விரித்து, ரெசின் ஊற்றி வார்த்திருக்கிறார்கள். இரண்டு பேர் இருக்கலாம், கூரை இல்லை. கொஞ்சக் கார்களோடு பட்டறை மூடிப்போனது. அமெரிக்கப் படை பிரான்சில் முகாம் வைத்திருந்த காலத்தில் ஒரு விமானப்படைக்காரர் அதைக் கப்பலில் கொண்டுவந்தார். படை திரும்பிப் போனபோது அவர் போகவில்லை. மதாமைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். அவர் செத்த பிறகு ஒரு புயலில் கொட்டகைச் சுவர் விழுந்து காரின் முன்பக்கம் நொறுங்கியது. துண்டுகளை மதாம் பொறுக்கி ஒரு பழைய தொட்டிக்குள் போட்டு வைத்திருந்தா.

பிள்ளையில்லாத மதாமுக்கு வாரிசு தங்கை மகன்தான். அவன் அப்போது எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை வருவான். அப்படி அவன் வந்திருந்த ஒரு ஞாயிறு நானும் புட்டும் கறியும் கொண்டுவந்திருந்தேன். நீ காரைத் திருத்தட்டுமா என்று கேட்டபோது, மதாம் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி அது உன்னுடையது" என்றா. அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"எடுத்துக்கொள்ளுங்கள். குப்பைக்காரனைக் கூப்பிடுகிற வேலை எனக்கு மிச்சம்" என்று உன்னைப் பார்த்துச் சொன்னான். நான் பக்கத்தில் நின்றேன். அவன் சிரித்த சிரிப்பு இப்போதும் என் காதில் கிடக்கிறது.

அதற்குப் பிறகு வருடக்கணக்காக அந்தக் கொட்டகைதான் உன் உலகம். தொட்டிக்குள் கிடந்த துண்டுகளை நிலத்தில் பரப்பி, முகம் எது, கன்னம் எது என்று பார்த்துப் பார்த்து அடுக்கினாய். இல்லாத இடத்துக்குப் புதிதாக அச்சுச் செய்தாய். காற்று ஈரமான நாட்களில் ரெசின் இறுகாமல் சதி செய்யும்; அப்போது ஊர்க் கடற்கரையில் திட்டுகிற மாதிரி நீ அதைத் திட்டுவதைக் கேட்டு எனக்கே கூசும். பழைய பூச்சுகளைத் தேய்த்துக்கொண்டு போனபோது அடியில் ஒரு வெளிர் பச்சை தெரிந்தது. "எங்கடை வள்ளத்துக்கு அடிக்கிற பச்சையக்கா!" என்று கத்தினாய். உன் சிரிப்பை முழுதாக நான் கண்டது அன்றைக்குத்தான். எதிர்வீட்டு அல்ஜீரியக்காரர், ஓய்வுபெற்ற மெக்கானிக், இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டித் தந்தார். ஆசனங்களுக்குச் சிவப்புத் தோல் நான் தைத்தேன். மெஷின் ஊசி மூன்று தரம் முறிந்து, கடைசியில் கையாலேயே தைத்து முடித்தேன்.

எங்கள் சனத்தின் வாயும் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் என் கடையில் வைத்து, ஊருக்கு உதவி சேர்க்கிற ஒருவர், நீ நிற்கிறதைத் தெரிந்துகொண்டே சொன்னார்: "அங்கை சனம் முகாமிலை தறப்பாளுக்குக் கீழை கிடக்குது. இஞ்சை ஆக்களுக்கு வெள்ளையின்ரை கார் விளையாட்டு."

நீ திரும்பினாய். "அண்ணை, நான் அந்தத் தறப்பாளுக்குக் கீழை இருந்துதான் வந்தனான். நீங்கள் எப்ப கடைசியா ஊருக்குப் போனியள்?"

அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தேத்தண்ணி ஊற்றித் தந்தேன். குடிக்காமலே கொட்டகைக்குப் போய்விட்டாய்.

கார் ஓடியது. மதாமைத் தூக்கிப் பக்கத்து ஆசனத்தில் இருத்தி நீதான் ஓட்டினாய், ஸ்தேனின் தெருக்களில், ஒரு வசந்த கால மத்தியானம். பஸ்ஸுக்கு நின்ற சனம் கைதட்டியது. மதாம் ராணி மாதிரிக் கை காட்டினா. சில மாதத்தில் அவ கண்ணை மூடிவிட்டா.

அதற்குப் பிறகுதான் அவன் வந்தான், மதாமின் தங்கை மகன். ஞாயிற்றுக்கிழமைகளில்கூட எப்போதாவதுதான் வந்தவன், இழுவை வண்டியோடு ஒரு திங்கட்கிழமை வந்தான். கொட்டகைக் கதவைத் திறந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். உன்னைப் பார்த்து, "அருமையான வேலை. உங்களுக்கு நான் கூலி தருகிறேன்" என்றான்.

"நான் கூலிக்குச் செய்யவில்லை மிஸ்யூ. இது என் கார். மதாம் தந்தது. நீங்களும் எடுக்கச் சொன்னீர்கள்." உன் பிரெஞ்சு அன்றைக்கு ஒரு இடத்திலும் தடக்கவில்லை.

"எனக்கு அப்படி ஒரு நினைவு இல்லையே."

நினைவு இல்லையாம்! நான் சாட்சி, நான் நின்றேன், நான் கேட்டேன் என்று கத்தினேன். அவன் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. கார் சங்கிலியில் ஏறியது. புதிதாகப் பூசிய பச்சையில் சங்கிலி உரசாதபடி, நீ உன் சால்வையைக் கழற்றி இடையில் வைத்தாய். பறிக்கிறவனின் கையில் போகிற பொருளுக்கும் காயம் படக்கூடாது என்று நினைத்தாயே, அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

வழக்கறிஞரிடம் போனோம். கையில் தந்த பொருள் தந்ததுதான், ஆனால் கார் கடைசிவரை மதாமின் கொட்டகைக்குள்ளேயே நின்றபடியால் தந்தது என்று நிறுவுவது கஷ்டம் என்றார். வேறு எங்கே வைப்பது? என் வீட்டுக் குசினிக்குள்ளேயா? ஆனாலும் நீ வழக்குப் போடத்தான் சொன்னாய். "தோத்தாலும் பரவாயில்லை. அவன் எழும்பி நிண்டு ஞாபகமில்லையெண்டு ஒருக்கால் சொல்லட்டும். நான் அவன்ரை முகத்தைப் பாக்க வேணும்." அந்த நாள் வர நோய் விடவில்லை. ஈரலில் புற்று. குளிர்காலம் முடிய முன்னமே போய்விட்டாய். வழக்கும் உன்னோடு போனது.

போன வருடம் நகரத்தில் பழைய கார்களுக்கு ஒரு கண்காட்சி. என் மகள்தான் போனில் படத்தைக் காட்டினாள். "அம்மா, அந்த அன்ரியின்ரை கார்!" இருவரும் டிக்கெட் எடுத்துக்கொண்டு போனோம். விளக்குகளுக்கு நடுவில், கயிறு கட்டி, உன் பச்சை நின்றது. முன்னால் ஒரு பலகை: குடும்பத்தினரால் காப்பாற்றப்பட்டு, அன்போடு மீளமைக்கப்பட்டது என்று. பக்கத்தில் அவன், கழுத்தில் பட்டுத் துணி, கையில் வைன் கிண்ணம்.

கயிற்றைத் தாண்டிப் போய்விட்டேன். "எந்தக் குடும்பம்? யார் காப்பாற்றியது?" என்று என் உடைந்த பிரெஞ்சில் கேட்டேன். சனம் திரும்பியது. "இந்த முகம் தொட்டிக்குள் துண்டு துண்டாகக் கிடந்தது. ஒட்டியது ஒரு பெண். குப்பை என்று சொன்னது இந்த ஆள். இந்த ஆசனம் நான் தைத்தது" என்று தோலில் அடித்துக் காட்டினேன். அவன், "மதாம், அமைதியாக இருங்கள்" என்றான். முகம் மட்டும் சிவந்தது. நீ பார்க்க ஆசைப்பட்ட முகத்தை நான் பார்த்தேன். காவல்காரர் இருவர் வந்து என் முழங்கையைப் பிடித்து மரியாதையாக வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

மெத்ரோ ரயில் நிலைய வாசலில் வந்து நின்றோம். மகள் வெட்கப்பட்டிருப்பாள் என்று நினைத்தேன். அவள் தமிழில் எப்போதாவதுதான் பேசுவாள். அன்றைக்குப் பேசினாள்.

"அம்மா, நீங்கள் எல்லாம் சொன்னீங்கள். அன்ரியின்ரை பேரைச் சொல்லேல்லை."

ஒரு பெண் என்றேன். ஒட்டியது ஒரு பெண். அவ்வளவுதான் சொன்னேன், அவனும் அதற்கு மேல் சொல்லியிருக்க மாட்டான்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுத் தனியாகப் போனேன். கத்தவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, காரைப் பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் உன் பெயரை, தகப்பன் பெயரோடு, ஊர்ப் பெயரோடு சொன்னேன். சிலர் சிரித்துவிட்டுப் போனார்கள். வயதான ஒரு தம்பதி நின்று, எப்படி உச்சரிப்பது என்று கேட்டார்கள். திருப்பிச் சொல்லிக் கொடுத்தேன். அவர்கள் சரியாகச் சொல்லும்வரைக்கும் விடவில்லை.

அந்தக் கார் எங்கே காட்சிக்கு வந்தாலும் இனி எனக்குத் தெரிந்துவிடும். மகள் பார்த்துச் சொல்கிறாள். "இன்னும் ஏனக்கா இதைத் தூக்கிக்கொண்டு திரியிறியள், விடுங்கோவன்" என்கிறார்கள் கடைக்கு வருகிறவர்கள். அடுத்த கண்காட்சி நகருக்கு வெளியே, ரயிலில் இரண்டு மணித்தியாலம். டிக்கெட் எடுத்துவிட்டேன்.