விதானையாரிடம் சொல்லாமல் போனவள்

இன்று காலை கிராம அலுவலரான விதானையாரின் மோட்டார் சைக்கிள் வீட்டு வாசல் படலையடியில் வந்து நின்றதும், கழுவிக்கொண்டிருந்த மீனைப் போட்டுவிட்டு எழுந்து விறைப்பாக நின்றேன். நின்ற பிறகுதான் உறைத்தது, அது என் பழக்கமல்ல, உன்னுடையது.

அம்மாவின் வயிற்றில் இருந்தபடியே மயிலிட்டியிலிருந்து படகேறி, இந்தியாவில் அகதி முகாமில் பிறந்தவள் நீ. முப்பது வயது கடந்து ஊர் திரும்பியபோது இங்கே உனக்கு ஒரு உரித்தும் இல்லை. முகாமிலிருந்து வந்தவர்களுக்குப் பிரசாவுரிமை எடுக்க உதவுவதுதான் என் வேலை. அப்படித்தான் என்னிடம் வந்தாய். தங்க இடமில்லாமல் எங்கள் வீட்டுப் பின் அறைக்கும் வந்தாய். கச்சேரி அலுவலகத்துக்கும் கொழும்புக்குமாக அலைந்த அலைச்சலில் எனக்குத் தங்கையாகவே ஆகிவிட்டாய்.

ஆனால் முகாம் உன்னை விடவில்லை. அங்கே வெளியே போவதென்றால் அதிகாரியிடம் சொல்ல வேண்டும். கணக்கெடுக்க வரும்போது ஆள் வாசலில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பதிவிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள். இங்கேயும் ஊரைவிட்டுக் கால் வைக்கும் முன் விதானையாரிடம் ஓடினாய்.

"ஐயா, நல்லூர்த் தேருக்குப் போறன். பொழுதுபட வந்திடுவன்."

"பிள்ளை, உதுக்கெல்லாம் என்னட்டைச் சொல்லத் தேவையில்லை" என்று அந்த மனிதரும் எத்தனை முறைதான் சொல்வார்.

"முருகனிட்டைச் சொன்னாலும் பரவாயில்லை, விதானையிட்டையோ? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் எண்டு சும்மாவோ சொன்னவை" என்று நான் பகிடி பண்ணுவேன். நீ சிரிக்கமாட்டாய். "வெட்டிப்போடுவாங்கள் அக்கா" என்பாய்.

பிரசாவுரிமை கிடைத்து நீ முதன்முதலாக வாக்களிக்கப் போன அன்று, பள்ளிக்கூட மண்டபத்தில் அலுவலர் உன் பெயரை உரக்க வாசித்தார். நீ நெஞ்சை நிமிர்த்தி, "இருக்கிறன் ஐயா" என்றாய். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மை காய்ந்த பிறகும், அந்த விரலை எதிலும் படாமல் பிடித்தபடி வீடுவரை நடந்தாய்.

அடுத்த தேர்தல் வருமுன் வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று வான் கதவைப் பிடித்துக்கொண்டு, "விதானை ஐயாட்டைச் சொல்லேல்லை அக்கா" என்றாய்.

"நீ இப்ப இந்த நாட்டுப் பிரசை. ஆர் உன்னை வெட்டுறது?" என்று அதட்டி ஏற்றினேன். நீ திரும்பி வரவில்லை.

இன்று விதானையார் வந்தது வாக்காளர் பெயர்ப் பட்டியலை, அந்த இடாப்பைத் திருத்த. உன் செத்தவீட்டில் பந்தலுக்குக் கால் நட்டவரும் அவர்தான். என்னைப் பார்க்காமல், "தங்கச்சி, அந்தப் பிள்ளையின்ரை பேரை எடுக்கவேணும். வீட்டுக்காரர் நீங்கள்தான் சொல்லவேணும்" என்றார்.

எந்தப் பெயரை ஏற்ற இத்தனை படி ஏறி இறங்கினேனோ, அதை வெட்டச் சொல்லும் வாயும் என்னுடையதாகவே இருந்தது. "ஓம், எடுங்கோ" என்றேன். பின் அறைப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. திரும்பினால் நீ வாசலில் நிற்பாய் என்று தெரியும்.

நீ போன பிறகு, வெளியே கிளம்பும்போதெல்லாம் அந்த அறைக் கதவடியில் நின்று, "மருதனார்மடத்துக்குப் போறன், பொழுதுபட வந்திடுவன்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன். சொல்லாமல் போனால் நீ என்னை வெட்டிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது.