பதினான்காவது பத்தி

மார்ச் 3, செவ்வாய்

ஜெராக்ஸ் மெஷின் இன்றும் மக்கர். காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தரமாட்டேன் என்கிறது. "குடியேற்ற அலுவலகத்துல கொஞ்ச நாள் வேலை பார்த்திருக்கும்" என்றார் சார். வாரத்துக்கு ஒரு ஜோக்தான் சொல்வார். இந்த வாரத்துக்கு ஆயிற்று.

இரண்டு அறை, கீழே சலவைக் கடை, எந்நேரமும் தரை வழியாக வெந்நீர் வாசனை. தஞ்சம் கேட்டு வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டு வாக்குமூலமாக எழுதுவது என் வேலை. அதை வைத்து வாதாடுவது வக்கீலான அவர் வேலை. பதினொரு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

தையல்காரி மகளோடு வந்திருந்தாள். மகளுக்கு ஏழு வயது, சரியான வாலு. நாங்கள் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறோம். பேசிக்கொண்டே என் நாற்காலியின் கிழிந்த உறையைத் தைத்துக் கொடுத்துவிட்டாள் தையல்காரி. "கை சும்மா இருந்தா நடுங்குதுக்கா." அவள் மனுவுக்கு எந்த நாளும் முடிவு வரலாம்.

"கிடைச்சிடுமில்லக்கா?"

"எழுதினது யாரு? நானாக்கும். கிடைக்கும்" என்றேன்.

மார்ச் 4, புதன்

புதன்கிழமைதோறும் பத்து மணிக்குத் தையல்காரி குடியேற்ற அலுவலகத்தில் கையெழுத்துப் போடவேண்டும். ஆறாவது கவுண்டர். மனு தள்ளுபடியானவர்களை அந்தக் கவுண்டரிலிருந்தே பக்கத்துக் கதவு வழியாகக் கூட்டிப் போய்விடுவார்கள், அதனால் நானும் துணைக்குப் போகிறேன். பேனாவைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். வெளியே வந்ததும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. எனக்கும்தான்.

மார்ச் 9, திங்கள்

தள்ளுபடி.

ஆறு பக்கம். நாலாவது பக்கத்தில் இருக்கிறது விஷயம். கணவனைப் பிடித்துக்கொண்டு போன மாலையைப் பற்றிய பதினான்காவது பத்தி, வேறொரு பெண்ணின் வாக்குமூலத்தில் வரிக்கு வரி அப்படியே இருக்கிறதாம். அதுமட்டுமில்லை. "ஓடிப்போய் அவர்கள் காலில் விழுந்து கதறினேன்" என்று எழுத்தில் இருக்கிறது. நேர் விசாரணையில் கேட்டபோது "தைத்துக்கொண்டிருந்தேன்" என்றிருக்கிறாள். ஆகவே மனுதாரர் நம்பத்தகுந்தவர் அல்லர்.

மேல்முறையீட்டுக்குப் பத்து நாள். அந்தப் பத்தி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 10, செவ்வாய்

எல்லோரும் போனபிறகு அலமாரியைத் திறந்தேன். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு ரொட்டிக்கடைக்காரர் மனைவிக்கு நான் எழுதிய பத்தி. அவள் உண்மையிலேயே ஓடினாள், உண்மையிலேயே காலில் விழுந்தாள். உடனே தஞ்சம் கிடைத்தது. அன்றிலிருந்து அது எனக்கு ஜெயித்த பத்தி. நேரம் நெருக்குகிற நாளில் எடுத்து ஒட்டிவிடுவேன். யார் வீட்டில் ஆளைப் பிடித்துப் போகவில்லை? யார் அழவில்லை? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எண்ணிப் பார்த்தால் ஏழு கோப்பு.

தையல்காரி என்னிடம் சொன்னது வேறு. என் பழைய நோட்டில் இருக்கிறது. பின்கட்டில் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் வண்டி வந்து நின்றது. குழந்தை மெஷினுக்கு அடியில், மிதிக்கட்டைப் பக்கத்தில் சுருண்டுகொண்டு அழ ஆரம்பித்துவிட்டது. அந்த அழுகை வெளியே கேட்கக்கூடாது என்று இவள் மிதித்துக்கொண்டே இருந்தாள். வாசலில் புருஷன் குரல் ஒருமுறை கேட்டதாம். அப்போதும் நிறுத்தவில்லை. "நூல் தீர்ந்துபோச்சுக்கா. வெறும் ஊசி துணியைக் குத்திக்கிட்டே இருந்துச்சு."

இதைக் கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன்? புருஷனைப் பிடித்துப் போகும்போது தைத்துக்கொண்டிருந்தாள் என்றால் அதிகாரி என்ன நினைப்பான் என்று யோசித்தேன். அதை அடித்துவிட்டு, ஜெயித்த பத்தியை ஒட்டிவிட்டேன். படித்துக் காட்டியபோதுகூட அவள், "நான் வெளிய ஓடலையேக்கா" என்றாள். "எல்லாருக்கும் இப்படித்தான் எழுதுறது, பயப்படாம கையெழுத்துப் போடு" என்றேன்.

போட்டாள். பாவி, நான் சொன்னேன்னுதானே போட்டா.

மார்ச் 11, புதன்

ஆறாவது கவுண்டர். மேல்முறையீட்டுக் காலம் முடியாததால் அவளைத் தொடவில்லை. தள்ளுபடிக்குக் காரணம் நான்தான் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. கூடவே நடந்தேன்.

மார்ச் 13, வெள்ளி

சாரிடம் சொல்லிவிட்டேன். நானே ஒரு வாக்குமூலம் கொடுக்கிறேன், பத்தி அவளுடையதல்ல, என்னுடையது என்று. கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி நடந்துச்சுன்னு வாதாடலாம். நீ உண்மையைச் சொன்னா ஏழு பேரையும் தோண்டுவாங்க. அதுல ஆறு குடும்பம் இப்ப நிம்மதியா இருக்கு. ஒருத்தியைத் தூக்கிவிடப் போய் ஆறு பேரைத் தள்ளிடாதேம்மா."

"அந்த ஆறு பேரும் பொய் சொல்லலையே சார்."

"இவ மட்டும் சொன்னாளா?"



மார்ச் 14, சனி

வீட்டுக்காரரிடம் கேட்டேன். பஸ் ஓட்டுகிற மனிதர், எதையும் நேராகத்தான் பார்ப்பார். வீட்டில் என் புலம்பலை அவர் காதில் போட்டுக்கொள்வதே அபூர்வம். இன்று டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார்.

"நீ சொல்லப்போறது அவளுக்காகவா, உன் மனசு ஆறணும்னுதானா?"

கோபம் வந்தது. எழுந்து போய்த் தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தேன். ரெண்டும்தான் என்று சொல்லியிருக்கலாம். ரெண்டில் எது முதல் என்று கேட்டிருப்பார்.

மார்ச் 16, திங்கள்

அவள் அறைக்குப் போய்ச் சொன்னேன். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், யாரோ கொடுத்த பழைய தையல் மெஷின். வாலு தரையில் உட்கார்ந்து பட்டன்களை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் எழுதினது, நான் அடிச்சது, நான்தான் தப்பு என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

உருண்டு வந்த ஒரு பட்டனை எடுத்து மகளிடம் கொடுத்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப, நான் தைச்சிட்டிருந்தது தப்பு இல்லையாக்கா? நீங்க அதை அடிச்சதும், வெளிய சொல்லக்கூடாத காரியம் போலன்னு நெனைச்சேன். ஆனா விசாரணையில அதிகாரி கேட்டப்போ பொய் வாயில வரல."

ஐயோ. ஒரு வருஷமா இதை மனசுல வச்சுக்கிட்டு என் நாற்காலியத் தைச்சுக் குடுத்திருக்கா.

"தப்பே இல்லடி" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதீங்கக்கா, சின்னது பார்க்குது" என்றாள். அவளுக்கு ஆறுதல் சொல்லப் போனவள் நான்.

மார்ச் 19, வியாழன்

கடைசி நாள். மேல்முறையீடு போட்டாயிற்று. கூட என் வாக்குமூலம், மூன்று பக்கம், கையெழுத்தோடு. சார் படித்தார், ஒரு காற்புள்ளியைத் திருத்தினார், மடித்து உறையில் போட்டார். "ஆண்டவன் விட்ட வழி" என்றார். கடவுள் பெயரை அவர் வாயால் கேட்டதே இல்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

விசாரணை. மின்விசிறி இல்லாத சின்ன அறை. நீதிபதி நடுவே ஒருமுறை மூக்கைச் சிந்தினார். தையல்காரி எல்லாவற்றையும் சொன்னாள். குழந்தை, மிதிக்கட்டை, நூல் தீர்ந்தது. நான் எழுதியிருந்தால்கூட இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

என்னைக் கூண்டில் ஏற்றி அரசு வக்கீல் ஒரே கேள்வி கேட்டார். "பதினொரு வருடமாக நீங்கள் எழுதிய வாக்குமூலங்கள் எல்லாமே இப்படித்தானா?"

இல்லை என்றேன். நீதிபதி எழுதிக்கொண்டதைப் பார்த்தால் அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

ஏப்ரல் 20, திங்கள்

தோற்றுவிட்டோம். தையல் மெஷின் சம்பவம் "எழுத்துமூலமாக முதலில் குறிப்பிடப்படாத, பின்னர் சேர்க்கப்பட்ட ஒன்று". என் வாக்குமூலம் "மனுதாரருக்கு உதவும் நோக்கில் காலம் கடந்து தரப்பட்டது". பொய்யை நம்பினார்கள், நாலு வருடம். உண்மைக்குத்தான் ஆதாரம் கேட்கிறார்கள்.

ஏப்ரல் 22, புதன்

போகாதே, இன்றைக்குக் கையெழுத்துப் போடாதே என்று சொன்னேன். வாய்விட்டே சொன்னேன், சட்டத்துக்கு விரோதம்தான். "ஓடினா வாலு பள்ளிக்கூடம் போக முடியாதுக்கா. ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்ததெல்லாம் போதும்."

பத்து மணி. சங்கிலி போட்ட பேனா. கையெழுத்தை முழுசாகப் போட்டு முடிக்கும்வரை விட்டார்கள். அப்புறம் பக்கத்துக் கதவு திறந்தது. திரும்பி என்னைப் பார்த்து, "பள்ளிக்கூடத்துல பத்திரமாச் சொல்லிக் கூட்டிட்டு வாங்கக்கா, பயந்துடுவா" என்றாள்.

அவர்கள் வண்டியிலேயே என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். வகுப்பறை வாசலில் நின்று நான்தான் கூப்பிட்டேன். என்னைப் பார்த்ததும் வாலு சிரித்துக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். யாராவது அதிகாரி கூப்பிட்டிருந்தால் வந்திருக்கமாட்டாள். என்னைப் பார்த்துத்தான் வந்தாள்.

ஏப்ரல் 24, வெள்ளி

விமானம் ஏற்றிவிட்டார்கள். காலை பதினொன்றேகால்.

மே 12, செவ்வாய்

சார் சொன்னது நடந்துவிட்டது. ஏழில் இரண்டு குடும்பத்துக்கு மறுவிசாரணைக் கடிதம். ஒன்று ரொட்டிக்கடைக்காரர் மனைவிக்கு. அந்தப் பத்தி எவளுடையதோ, எவள் உண்மையாகவே காலில் விழுந்தாளோ, அவளுக்கு. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் என்னம்மா பொய் சொன்னேன்?" என்று என்னிடமே கேட்கிறாள்.

சார் ஜோக் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லவும் இல்லை. வந்து உட்கார்கிறேன். நாற்காலி உறையில் அவள் போட்ட தையல் இன்னும் பிரியவில்லை.

மே 27, புதன்

பத்து மணிக்குக் கால் தானாக வாசலுக்குப் போயிற்று. செருப்பை மாட்டிய பிறகுதான் உறைத்தது.

ஜூன் 18, வியாழன்

மதியம் சாப்பாட்டு நேரத்தில் தெரியாத நம்பர். எடுத்தால், அவள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல். சந்தோஷத்தில் என்ன கேட்கிறேன் என்றே தெரியாமல் கேட்டுக்கொண்டே போனேன். எப்படி இருக்கே, எங்கே தங்கியிருக்கே, சாப்பிட்டியா.

"இருக்கோம்க்கா" என்றாள். ரொம்ப மெதுவாக. பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம். அப்பாடா, வேலை கிடைத்துவிட்டது, தைக்கிறாள் என்று நினைத்தேன். அப்படியே கத்தியும்விட்டேன், பக்கத்து அறையில் சாருக்கும் கேட்கட்டும் என்று. சார் சாப்பாட்டை விட்டு எழுந்து வந்தார்.

"வாலு எங்கே?"

"இங்கதான், காலடியில இருக்கா."

"ஒண்ணும் கேட்கலடி. கொஞ்சம் மெஷினை நிறுத்திட்டுப் பேசேன்."

"முடியாதுக்கா."

"அப்படி என்ன அவசரமாத் தைக்கிறே?"

கொஞ்ச நேரம் அந்தச் சத்தம் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. பிறகு சொன்னாள்.

"நூல் இல்லக்கா."

அதோடு லைன் போய்விட்டது. பதினொரு தடவை திரும்பக் கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை. அவள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் இங்கே எழுதியிருக்கிறேன்.