மெழுகேற்றிய பாஸ்

இன்று முற்பகல் பிஸ்கட் தகரத்தைத் திறந்தேன். காணி உறுதிகளுக்கும் என் பட்டச் சான்றிதழுக்கும் அடியிலிருந்து பழைய மெழுகின் வாசனை எழுந்தது. உடனே மூடினேன். படலை வரை நடந்து, வீதியில் எவரும் நிற்கவில்லை என்று கண்டபின் வந்து மறுபடி திறந்தேன். சில நாள்களாக எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்கிறேன்.

உன் தம்பி தவத்தின் மீன்பிடி அனுமதிப் பாஸ் அங்கேயே கிடந்தது. காப்பாற்றி வை என்று நீ என்னிடம் தந்தது. கறையான் தின்றுவிட்டது என்று நான் உன்னிடம் சொன்னது.

நீ கண்மூடி ஓராண்டாகிறது. ஆகவே நாட்டில் நடப்பதைச் சொல்கிறேன். அந்நாளில் துறையடி இராணுவ முகாமுக்குப் பொறுப்பாயிருந்த அதிகாரி இன்று ஒரு கட்சியின் தலைவன். அவன் போர்முனையை எட்டிப் பார்க்காதவன் என்று எதிராளிகள் ஏசினார்கள். சேவைக் கோப்பை வெளியிடு என்றார்கள். வெளியிட்டான். தவம் காணாமற்போன அந்த மாதங்களில் அவன் தெற்கில் ஒரு பயிற்சிப் பாடசாலையில் விரிவுரை நடத்திக்கொண்டிருந்ததாகக் கோப்புச் சொல்கிறது. தொலைக்காட்சியில் ஒரு தரப்பு அவனைக் கோழை என்கிறது. கற்பிப்பதும் தேசத்தொண்டே என்கிறது மற்றது. அவன் சிரித்தபடி இருக்கிறான். கோழை என்ற பட்டம் அவனுக்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்த பாதுகாப்பு என்பது அந்த விவாத மேசையைச் சுற்றி இருந்த எவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், அதனால்தான் பயப்படுகிறேன்.

நீ மீனவர் சங்கச் செயலாளராயிருந்த காலத்தில் பாஸ் இல்லாமல் எந்தத் தோணியும் வாவியில் இறங்க முடியாது. விடியற்காலையில் பாஸ்களைக் கட்டாக முகாமுக்குக் கொண்டுபோவாய். போவதற்கு ஒரு கையொப்பம். மாலையில் கரையேறுகிறவன் பாஸைக் காவலரணில் ஒப்படைக்க வேண்டும். வந்ததற்கு இன்னொரு கையொப்பம். மறுநாள் காலை கட்டு உன் கைக்குத் திரும்பும். அந்த அதிகாரி எவரையும் நம்பாதவன். இரண்டு கையொப்பத்தையும் திகதியையும் தன் கையாலேயே இடுவான். தோணிக்காரர்களோ, பெயரும் படமும் உள்ள பக்கத்தில் மெழுகுதிரியை உருக்கித் தேய்த்துவிடுவார்கள், தண்ணீர் ஊறாதிருக்க. கையொப்பப் பக்கத்தை மட்டும் பேனாவுக்காக வெறுமையாக விடுவார்கள்.

தவம் வீடு திரும்பாத அன்று நீ முகாமுக்கு ஓடினாய். "அவன் கரைக்கு வரல்ல. வாவியில விழுந்திருப்பான், தேடுங்க" என்று மொழிபெயர்ப்பாளன் வாயால் பதில் வந்தது. ஊரே தோணிகளில் இறங்கிக் வாவிக்கரைக் கண்ணாக்காடுகளுக்குள் தேடியது. மறுநாள் காலை, வழக்கம்போல, காவலாளி பாஸ் கட்டை உன்னிடம் நீட்டினான். அதற்குள் தவத்தின் பாஸும் இருந்தது. போனதற்கு ஒன்று, வந்ததற்கு ஒன்று. அதே கை, அதே திகதி. நாங்கள் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தபோது அவன் கரையேறி, தெற்கில் இருந்ததாகக் கோப்புச் சொல்கிற அந்த மனிதனின் முன்னால் நின்றிருக்கிறான்.

அன்று நீ கையொப்பப் பக்கத்துக்கும் மெழுகேற்றியதை நான் அருகிலிருந்து பார்த்தேன். "இனி இதில ஒருத்தரும் ஒண்டும் எழுதேலா" என்றாய். நான் அப்போது பல்கலைக்கழக மாணவன். புத்தகங்களுக்கு நடுவே எவரும் தேடமாட்டார்கள் என்று என்னிடம் தந்தாய்.

பல ஆண்டுகள் கழிந்து காணாமற்போனோரைப் பற்றி ஒரு விசாரணைக் குழு நகருக்கு வந்தது. சைக்கிளில் நான் இருக்கும் செட்டிபாளையத்துக்கு வந்து, "வாத்தி, அதத் தா மச்சான், நாளைக்குக் குடுப்பம்" என்றாய். முதல்நாள் சாட்சி சொன்ன ஒருவரின் வீட்டுக்கு ஆட்கள் போனதாகக் கேள்விப்பட்டிருந்தேன். கறையான் என்றேன். வரலாறு கற்பிக்கிற நான், சான்றின் பெறுமதியைக் கரும்பலகையில் எழுதுகிற நான். நீ என் முகத்தைப் பார்த்தாய், தேநீரைக் குடித்து முடித்தாய், போனாய்.

அதற்குப் பிறகும் சித்திரைக்குச் சித்திரை நண்டு கொண்டுவந்தாய். படலையில் நின்றபடியே கேட்பாய்: "என்ன வாத்தி, உண்ட கறையான் சுகமா இரிக்கா?" என் பழைய வீட்டைக் கேலி செய்கிறாய் என்று நானும் சிரிப்பேன்.

நேற்று முன்தினம் மதியம் மோட்டார்சைக்கிளில் இருவர் வந்தார்கள்.

"ஐயா, செத்துப்போன சங்கச் செயலாளர்ட கூட்டாளி நீங்கதானே? அவர்ட பழைய பாஸ், பேப்பர் ஏதும் உங்களிட்டக் கிடக்கா?"

"ஆர் நீங்க?"

"சும்மா, பழைய சாமான் சேக்கிறம் ஐயா."

"கிடந்தது. எல்லாத்தையும் கறையான் திண்டிட்டு."

கேட்டவன் மற்றவனைப் பார்த்தான். மற்றவனின் விரல்களில் வலைக்கயிறு அறுத்த தழும்புகள் இருந்தன. அவன்தான் சிரித்தான். "கறையானா? சரி ஐயா, கவனமாப் பாத்துக்கங்க. மறுகா வாறம்."

இன்று பிற்பகல் பாஸை எடுத்துக்கொண்டு உன் மனைவியிடம் போனேன். இறால் உரித்துக்கொண்டிருந்தவள் கையைக் கழுவி, பாஸை வாங்கி முகர்ந்தாள்.

"அவர் உருக்கின மெழுகு."

"தங்கச்சி, கறையான் எண்டு நான் சொன்னது பொய்."

"தெரியும் அண்ணன். அண்டைக்கே வந்து சொன்னவர். மெழுகு ஏத்தின கடதாசிய எந்த ஊர்க் கறையான் திண்ணும், வாத்தி பயந்திட்டான் எண்டு."

"கோவிக்கல்லையா?"

"கோவிக்காமலா? ரெண்டு நாள் சோறு திண்ணல்ல. மறுகா அவரே சொன்னார், அவன் எரிக்கல்ல, வெச்சிருக்கான்தானே எண்டு."

அப்படியென்றால் ஒவ்வொரு சித்திரையும் நீ கேட்டது என் வீட்டைப் பற்றியல்ல. அது இன்னும் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டாய். நான் சிரித்த சிரிப்பை விடையாக எடுத்துக்கொண்டு நண்டை வைத்துவிட்டுப் போனாய். ஒரு தடவையாவது சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம்.

அந்தத் தழும்பு விரல்காரன் ஏன் சிரித்தான் என்பதும் அப்போதுதான் விளங்கியது. அவனும் தோணியில் போனவன், மெழுகேற்றிய பாஸைக் கறையான் தொடாது என்று அறிந்தவன். நான் ஒளித்துவைத்திருக்கிறேன் என்று என் வாயாலேயே அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் திரும்ப வருவார்கள்.

"நாளைக்கு முதல் பஸ்ஸில டவுனுக்குப் போவம். காணாமப்போன ஆக்கள்ட வழக்கப் பாக்கிற லோயரம்மாவிட்டக் குடுப்பம்" என்றாள் உன் மனைவி. "நானும் வாறன். நீங்க தனியப் போனா இடையில இறங்கிருவீங்க." சொல்லிவிட்டு இறாலுக்குத் திரும்பினாள். அவள் சொன்னது சரி.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். தகரத்தில் அதைத் திரும்ப வைக்கவில்லை. அது என் சட்டைப் பையில் இருக்கிறது. உடம்புச் சூட்டில் மெழுகு இளகித் துணியோடு ஒட்டத் தொடங்கிவிட்டது. எடுக்க நினைத்தாலும் சட்டையோடுதான் எடுக்க வேண்டும். வீதியில் ஒரு மோட்டார்சைக்கிள் வேகம் குறைக்கிறது. ஆனாலும் கறையான் சுகம், மச்சான். நாளை காலை வரை அதை நான் சுமப்பேன்.