அழித்த விலைகள்

மலர்விழி,

முதல் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டேன். உன்னை எழுப்ப மனம் வரவில்லை. தோசை மாவை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்திருக்கிறேன்.

என் பழைய நாணய ஏல கேட்லாக்குகளை விலைக்குக் கேட்ட கடலூர்க்காரர், பதினோரு மணிக்கு அவற்றைப் பார்க்க வருவார். காபி கொடு. பென்சிலில் எழுதிய விலைகள் எங்கே என்று கேட்பார். எந்த நாணயம் என்ன விலைக்குப் போனது என்று ஓரத்தில் எழுதியிருந்தால்தான் பழைய கேட்லாக்குக்கு மதிப்பு. நான் அழித்துவிட்டதாகவே சொல்லிவிடு.

"கிறுக்கி வச்சிருந்தா யாருங்க வாங்குவாங்க? அதான் சுத்தமா அழிச்சிட்டேன்" என்று நேற்று எவ்வளவு ஆசையாக வந்து நின்றாய். நான் கத்தியது விலை போய்விட்டதே என்று அல்ல. கல்யாணமான புதிதில், தபாலில் ஏல முடிவு வந்ததும் நான் வாசிக்க வாசிக்க, என் தோளில் சாய்ந்தபடி நீ எழுதிய விலைகள் அவை. ஏழு வந்தால் குறுக்கே ஒரு கோடு போடுவாய். பவித்ரா பிறந்த பிறகு நாம் அப்படி உட்காரவே இல்லை.

ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டுமே, கேட்லாக்குகளை விற்றுவிடலாம் என்றது நான்தான். உன் மேல் தப்பில்லை.

சாவி வழக்கமான இடத்தில்தான்.

இன்னொன்று. டி.வி. மேல் இருக்கும் புது கேட்லாக்கை அவரிடம் கொடுத்துவிடாதே. அதன் ஏல முடிவு போனில் வந்து நான்கு நாளாகிறது. நான் இன்னும் திறந்து பார்க்கவில்லை. இரண்டரைக்கு வந்துவிடுவேன். பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.